உதவி: ஃப்ளோட் என்பதற்கு வேறு சொல் வேண்டும், அவசரம்

புதுப்பேனா: ஃப்ளோட் என்ற ஆங்கில வினைக்கு மாற்றுச் சொற்கள் வேண்டும். என் கட்டுரையில் 6 தடவை வந்துவிட்டது. அகராதியில் ட்ரிஃப்ட், ஹோவர், வாஃப்ட், லெவிடேட் என்று இருந்தது, மாற்றி மாற்றிப் போட்டேன். ஆசிரியை எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்துவிட்டார். இன்றிரவு திருப்பித் தரவேண்டும்.

கடலோடி: எது மிதக்கிறது? தண்ணீரிலா, காற்றிலா? அதைச் சொல்லவே இல்லையே.

அல்லி: நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? வாக்கியங்களை அப்படியே போடுங்கள்.

இலக்கணத்தேனீ: இங்கே பல வருடமாகச் சொல்லிவருகிறேன். ஒத்த பொருள் என்று அகராதி போட்டிருந்தால், ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, தம்பி.

புதுப்பேனா: எல்லாம்தான் மிதக்கிறது. குளத்தில் இலை, ஜன்னல் வழியே பூவாசனை, கூரைக்கு மேலே ஹெலிகாப்டர், கயிறு அறுந்த படகு, விண்வெளி வீரர்.

அல்லி: இப்போது சொல்லலாம். எனக்கு உதவும் வழி, தமிழில் என்ன சொல்வோம் என்று முதலில் யோசிப்பதுதான். வாசனையைத் தமிழில் 'மிதந்தது' என்பதைவிடத் 'தவழ்ந்து வந்தது' என்றால் அழகு. அங்கே வாஃப்ட். ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கிறது, அங்கே ஹோவர். படகு போக்கிடம் இல்லாமல் நீரோட்டத்தோடு போகிறது, அது ட்ரிஃப்ட். இலை சும்மா மிதக்கிறது. அங்கே ஃப்ளோட்டைத் தொடாதீர்கள்.

வேர்ச்சொல்: படகுக்கு வாஃப்ட் போடலாம். கப்பல்களுக்குத் துணையாகப் போன காவல் கப்பலுக்கு ஆங்கிலத்தில் வாஃப்டர் என்று பெயர். வினை அதிலிருந்துதான் பிறந்தது. வேரைப் பார்த்தால் அதுதான் பொருத்தம்.

கடலோடி: வேர் அப்படி இருக்கலாம். இன்று வாஃப்ட் என்றதும் வாசனை, புகை, தூரத்துப் பாட்டுச் சத்தம்தான் நினைவுக்கு வரும். அறுந்துபோன படகுக்கு அது ரொம்ப மெல்லிசு. ஹோவருக்கு இன்னொரு புழக்கமும் உண்டு: வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியே நின்றது என்று சொல்லவும் அதுதான். மவுஸ் அம்பை அழுத்தாமல் ஒரு பட்டன் மேல் நிறுத்துவதும் அதேதான்.

கணக்குப்புள்ளி: விண்வெளி வீரருக்கு ஃப்ளோட் போடுவது அறிவியல்படி தவறு. மிதக்க வேண்டுமானால் நீரோ காற்றோ மேலே தள்ள வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையமும் வீரரும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

வேர்ச்சொல்: அப்போது லெவிடேட் போடட்டும். லேசு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கணக்குப்புள்ளி: அதுவும் தவறு. லெவிடேட் என்றால் ஈர்ப்பை எதிர்த்து ஏதோ ஒன்று தூக்கி நிறுத்தவேண்டும், மாக்லெவ் ரயிலைக் காந்தம் தூக்குவதுபோல.

அல்லி: விண்வெளி வீரர்களே ஃப்ளோட் என்றுதான் சொல்கிறார்கள். விழுகிறார் என்று எழுதினால் வாசிப்பவர் பயந்துவிடுவார். சொல் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது, காரணத்தை அல்ல. சூரியன் உதிக்கிறது என்று நாம் இன்னும் சொல்லவில்லையா?

கணக்குப்புள்ளி: தவறு தவறுதான். கட்டுரையிலாவது சரியாக எழுதலாம்.

இலக்கணத்தேனீ: கேட்டவரை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறீர்கள். தம்பி, 6 தடவை என்றாய், 5 இடம்தான் சொல்லியிருக்கிறாய். ஆறாவது எங்கே?

புதுப்பேனா: அது தெரிந்ததுதானே என்று விட்டேன். அக்கா வீட்டில் ஒரு யோசனையை ஃப்ளோட் பண்ணுகிறாள்.

இலக்கணத்தேனீ: சுழிப்பு அங்கேதான் விழுந்திருக்கும். மற்ற ஐந்திலும் பொருள் தானே மிதக்கிறது. இங்கே அக்கா மிதக்க விடுகிறாள், செயப்படுபொருள் இருக்கிறது. ஒரு பேச்சைப் போட்டு மற்றவர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. யோசனையை ஹோவர் பண்ணினாள் என்று எழுதினால் ஆங்கிலமே இல்லை. ஃப்ளோட்டையே வை, அல்லது சஜஸ்ட் போடு.

கடலோடி: நாணயத்துக்கும் இதே கட்டமைப்புதான். 1983 டிசம்பரில் ஆஸ்திரேலியா தன் டாலரை ஃப்ளோட் செய்தது, அதாவது மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டது. அங்கேயும் வேறு சொல் ஒட்டாது.

புதுப்பேனா: யோசனையை லெவிடேட் பண்ணினாள் என்றுதான் எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன். இலை, விண்வெளி வீரர், அக்கா மூன்றிலும் ஃப்ளோட்டே இருக்கட்டும். அனுப்பியாகிவிட்டது, நன்றி.

கணக்குப்புள்ளி: விண்வெளி வீரரையாவது மாற்றியிருக்கலாம்.