பெரியப்பாவின் ஜீப்பிற்கு எதை முதலில் பூட்டுவது?

குழு: உப்புவெளி வீட்டார்

தம்பி: பெரியப்பா, இன்று வேலை முடிந்ததும் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் நம்முடைய லாண்ட் ரோவர் டிபென்டர் ஜீப்புக்கு என்னென்ன கிடைக்கும் என்று விசாரித்தேன். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் பெரிய இன்டர்கூலர், கூடுதலாகக் காற்றுத் தள்ளும் டர்போ, நேர்க்குழாய் சைலன்சர், 35 அங்குல ரயர்கள், வாகனத்தை 50 மில்லிமீற்றர் உயர்த்தும் சுருள்வில்கள், எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் சுனோர்க்கல் குழாய் ஆகிய அனைத்தும் அங்கே கிடைக்கின்றன. மாரி தொடங்குவதற்கு முன்னர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பூட்டிவிட்டால் ஜீப் புதிதாகிவிடும் என்பது என் எண்ணம்.

பெரியப்பா: மகன், உன் அக்கறைக்கு மகிழ்ச்சி. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள் என்றாலும், வரியோடு சேர்ந்து வருகிற விலையை என் ஓய்வூதியம் எட்டாது. ஆகையால் இந்த 1996ஆம் ஆண்டு ஜீப்தான் இனியும் எனக்கு. ஆனால் நான் பந்தயம் ஓடப் போவதில்லை. மாரியில் பசளை மூட்டைகளுடன் தம்பலகாமத்து வயற்பாதையில் புதையாமல் போய்வர வேண்டும். எப்போதாவது குச்சவெளிப் பக்கத்து மணலில் இறங்க வேண்டும். கொழும்புக்கு வரும் நாட்களில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் ஒரு பாரவூர்தியை அச்சமின்றி முந்துவதற்குக் கொஞ்சம் இழுவை இருந்தாற் போதும். மருமகன், கராஜ் வேலை முடிந்த பிறகு நீங்கள் இதைப்பற்றி ஆறுதலாக எழுதுங்கள்.

அத்தான்: மாமா, தம்பி சொன்ன பொருட்களில் குறை எதுவும் இல்லை, அவற்றின் வரிசைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் இருப்பது 300 டிடிஐ என்ற டர்போ டீசல் எஞ்சின். 2,495 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், புதிதாக இருந்தபோது நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 111 குதிரைவலுவையும், 1,800 சுற்றிலேயே 265 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையையும் தந்தது. வயல் வேலைக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். அடைபட்ட காற்று வடிகட்டி, வெடிப்பு விழுந்த இன்டர்கூலர் குழாய், தேய்ந்த இன்ஜெக்டர் நுனி, இறுகிப்போய் விடாமல் உராய்ந்துகொண்டிருக்கும் பிரேக் கலிப்பர் ஆகியவை சேர்ந்து இன்றைக்கு அந்த முறுக்குவிசையில் எவ்வளவைத் தின்கின்றன என்று பார்க்காமல் புதிய டர்போவுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தம்பி: அத்தான், அவற்றைச் சரிசெய்வது பராமரிப்பு வேலைதானே. வலுவைக் கூட்டுவதற்கு முகநூலில் ஒரு சிறிய பெட்டி விற்கிறார்கள். அதைச் செருகினால் இழுவை கூடும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அத்தான்: அதைச் செருகுவதற்கு இந்த ஜீப்பில் இடமே இல்லை, தம்பி. அந்தப் பெட்டிகள் கணினியால் இயங்கும் டீசல் எஞ்சின்களுக்கானவை. இதில் உள்ளது பொஷ் நிறுவனத்தின் விஈ வகை டீசல் பம்பு, முழுவதும் பொறிமுறையால் இயங்குவது. டீசலின் அளவைக் கூட்ட விரும்பினால், பம்பின் தலையில் உள்ள மென்சவ்வைத் திறந்து அதனோடு இணைந்திருக்கும் கூம்பைத் திருப்பலாம். பின்பக்கத்து அளவுத் திருகை இறுக்கலாம். சாதாரண ஆயுதங்கள் போதும், பொருட்செலவும் இல்லை. பல ஜீப்புகள் கெட்டுப்போவதற்கு அந்த எளிமையே காரணம். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால், எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறுவதோடு வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். டர்போவுக்கு முன்னால் அளந்தால், அந்த வெப்பம் 700 பாகை செல்சியசைத் தாண்டி நீடிக்க விடக்கூடாது என்பதே நான் கடைப்பிடிக்கும் எல்லை. இந்த எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். நன்றாக ஒருமுறை கொதித்தாலே தலை வளைந்து கஸ்கட் போய்விடும்.

அக்கா: கரும்புகையைப்பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டிலிருந்து புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகனத்தின் ஆண்டு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. டீசல் வாகனத்துக்கு அக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லித்தான் புகையை அளக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் எங்கள் மேசைக்கு வருபவர்களில் சிலர் பரிசோதனைக்கு முன்னர் பம்பின் டீசல் அளவைக் குறைத்துவிட்டுப் பின்னர் கூட்டிக்கொள்வதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். பெரியப்பா அப்படிச் செய்ய மாட்டார் என்பதால் இதை இப்போதே கணக்கில் எடுங்கள். மேலும் 2025 சனவரியிலிருந்து, மாற்றிய சைலன்சர்களையும் மேலதிக விளக்குகளையும் பொலிசார் வீதியிலேயே நிறுத்திப் பார்க்கிறார்கள்.

பெரியம்மா: நேர்க்குழாய் பூட்டினால் நான் கொழும்புக்குப் பேருந்தில் வருவேன். இப்போதே அந்த ஜீப்புக்குள் பேசுவது கேட்பதில்லை.

பெரியப்பா: நேர்க்குழாய் வேண்டாம். அடுத்ததைச் சொல்லுங்கள்.

சித்தப்பா: மெல்பேர்னிலிருந்து ஒரு யோசனை. இங்கே பழைய டிபென்டர் வைத்திருப்பவர்கள் சிலர் இதழ்கள் திறந்து மூடும் டர்போவைப் பூட்டுகிறார்கள். அது குறைந்த சுற்றிலேயே காற்றைத் தள்ளுவதால் சேற்றிலும் மேட்டிலும் ஜீப் உடனே இழுக்கிறது. என் அண்ணாவின், அதாவது உங்கள் மாமாவின், தேவைக்கு அது பொருந்தும் அல்லவா?

அத்தான்: சித்தப்பா, பொருந்தும் என்பது உண்மை. ஆனால் அந்த இதழ்களை அளவறிந்து திறக்கும் கருவியைச் சரியாக அமைக்காவிட்டால் குறைந்த சுற்றிலேயே அழுத்தம் மிகையாகும்; மெதுவாக ஓடும் வயல் வாகனத்தில் கரி படிந்து இதழ்கள் இறுகவும் கூடும். திருகோணமலையில் அதை அமைக்கத் தெரிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதற்குப் பதிலாக இன்டர்கூலரை நான் ஆதரிக்கிறேன், அதுவும் இந்த ஊர் வெயிலுக்காக. 35 பாகை வெப்பமுள்ள காற்றை டர்போ ஏறத்தாழ 1 பார் அழுத்தத்துக்கு நெருக்கும்போது அதன் வெப்பம் 100 பாகைக்கு மேலே போகிறது; சூடான காற்று ஐதாக இருப்பதால் சிலிண்டருக்குள் ஒட்சிசன் குறைகிறது. அதைக் குளிரவைத்தால், ஒரு துளி டீசலும் கூட்டாமலே எரிதல் சீராகி, வெளியேறும் வாயுவின் வெப்பமும் இறங்கும். வலுவையும் ஆயுளையும் ஒன்றாகக் கூட்டுகிற பொருள் இந்தப் பட்டியலில் அது ஒன்றுதான். ஆனால் தம்பி, றேடியேட்டரின் முழு அகலத்தையும் முன்னால் மறைக்கிற வகையை வாங்காதே. பழையது றேடியேட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதே இடத்தில் பொருந்தும், தடிப்புக் கூடிய அலுமினிய வகையைக் கேள். முன்னால் மறைத்தால் எஞ்சின் நீருக்குப் போக வேண்டிய குளிர்காற்றை நாமே தடுத்துவிடுவோம்.

அண்ணா: ரயர் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதுள்ள 235/85 ஆர்16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 806 மில்லிமீற்றர். தம்பி விரும்பும் 35 அங்குல ரயர் 315/75 ஆர்16 என்றால் 879 மில்லிமீற்றர். அதாவது 9 வீதம் பெரியது. சில்லு பெரிதாகும்போது தரையில் கிடைக்கும் இழுவை 8 வீதத்துக்கு மேல் குறையும். இன்டர்கூலருக்கும் டர்போவுக்கும் செலவழித்து நாம் பெறப்போகும் வலுவின் பெரும்பங்கை ரயருக்கே கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்து நிற்போம். வேகமானி 80 காட்டும்போது ஜீப் 87 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

தம்பி: அண்ணா, சேற்றில் அகலமான ரயர்தானே மிதந்து போகும்?

பெரியப்பா: இதற்கு நானே பதில் சொல்கிறேன். கடற்கரை மணலில் நீ சொல்வது சரி. அங்கே காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் இருக்கிற ரயரே விரிந்துகொடுக்கும், திரும்பி வீதிக்கு ஏறியதும் காற்றடித்துவிட வேண்டும். வயற்பாதையிலோ மேலே ஒரு சாண் களி இருந்தாலும் கீழே பல போகங்களாக மிதிபட்டு இறுகிய தரை இருக்கிறது. ஒடுக்கமான ரயர் களியை வெட்டிக்கொண்டு அந்தத் தரையைப் பிடிக்கும். அகலமானது களியின் மேலே வழுக்கி வரம்பில்தான் போய் நிற்கும். அளவு மாறாமல், ஆழமான பூவுள்ள சேற்று ரயர் நான்கு போதும்.

அத்தான்: மாமா சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். பெரிய ரயர் இல்லையென்றால் வாகனத்தை உயர்த்தவும் தேவையில்லை. உயர்த்தினால் முன் அச்சின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலையும், புரொப்பெலர் தண்டின் மூட்டுகள் தேயும், பிரேக் குழாய்களையும் நீளமாக்க வேண்டிவரும். மூட்டைகள் ஏற்றும்போது பின்புறம் தாழ்வதுதான் உண்மையான குறை என்றால், உயரம் மாறாத பாரச் சுருள்வில்களைப் பின்னால் மட்டும் மாற்றினாற் போதும்.

தம்பி: அப்படியானால் லாண்ட் ரோவர் டிஸ்கவரியின் டிரான்ஸ்பர் பொக்சையாவது, அதாவது வலுவை இரண்டு அச்சுகளுக்கும் பிரிக்கும் கியர் பெட்டியையாவது, பார்க்கலாமா? நெடுஞ்சாலையில் எஞ்சின் சத்தம் குறையும் என்று கடைக்காரர் சொன்னார்.

அத்தான்: குறையும். அதன் கியர் விகிதம் டிபென்டரில் உயர் வரிசைக்கு 1.41, டிஸ்கவரியில் 1.22, தாழ் வரிசைக்கு இரண்டிலும் 3.32தான்; எண் குறைந்தால் எஞ்சின் சுற்றும் இழுவையும் குறையும். நாளும் நெடுந்தூரம் ஓடுபவருக்கு அது நல்ல மாற்றம். பாரத்தோடு மூன்றாம் கியரில் வயலுக்குப் போகிற ஜீப்புக்கு 1.41ஐ விட்டுவிடக் கூடாது.

சித்தப்பா: சுனோர்க்கலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. வெருகல் பக்கம் வெள்ளம் வந்தால் என்ன செய்வது?

அத்தான்: இந்த ஜீப்பைத் தயாரித்தவர்கள் நீரில் இறங்க அனுமதித்த ஆழம் 500 மில்லிமீற்றர். எஞ்சினுக்குள் போகும் நீர் காற்றைப்போல் நெருங்காது. பிஸ்டன் தண்டுதான் வளையும். சுனோர்க்கல் அந்த ஒரு வாயிலை மட்டும் உயர்த்துகிறது. அச்சுகள், கியர் பெட்டி ஆகியவற்றின் மூச்சுக் குழாய்களை மேலே இழுத்துக் கட்டாவிட்டால், சூடான அச்சு நீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே நீரை உறிஞ்சிக்கொள்ளும். டைமிங் பெல்ட் மூடிக்கும் கிளட்ச் அறைக்கும் அடியில் உள்ள துளைகளுக்கு நீரில் இறங்குமுன் ஆணி இட வேண்டும். மூச்சுக் குழாய் வேலையை இந்த மாரிக்கே செய்துவிடலாம், செலவு மிகக் குறைவு. சுனோர்க்கலைத் தூசிக்காக வேண்டுமானால் பின்னர் பூட்டலாம். வெள்ளத்துக்குள் துணிந்து இறங்குவதற்காக அதைப் பூட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

பெரியம்மா: வெள்ளத்தில் இறங்குவதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

அத்தான்: மாமி, பேசவில்லை. மாமா, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டகத்தைப் பார்க்க வேண்டும். டிபென்டரின் உடற்றகடு அலுமினியம் என்பதால் வெளியே அழகாகவே தெரியும். கீழே இருப்பது உருக்குச் சட்டகம். உப்புவெளிக் கடற்காற்றில் இத்தனை ஆண்டுகள் நின்றதற்கு, பின்புறக் குறுக்குச் சட்டத்தையும் சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அரிப்பு விரைவாக நடக்கும். அங்கே உக்கியிருந்தால் முதற் செலவு அதற்குத்தான்.

பெரியப்பா: ஞாயிறு காலை உங்கள் கராஜுக்குக் கொண்டுவருகிறேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பழைய புத்தகத்தில் தேடினேன், எழுதப்படவில்லை.

அத்தான்: எழுதப்படாவிட்டால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பாவனைக்கு ஏறத்தாழ 1,20,000 கிலோமீற்றர், தூசிக்கும் சேற்றுக்கும் அதிற் பாதி என்பது கணக்கு. 300 டிடிஐயின் தொடக்கக் காலப் பெல்ட்கள் நேர் விலகி ஓரம் தேய்ந்து அறுந்தன; பின்னர் திருத்திய கப்பிகளோடு முழுத் தொகுதியாக வந்தது. அதையே வாங்க வேண்டும். கூடவே நீர்ப் பம்பு, ரப்பர் குழாய்கள், தெர்மொஸ்டாட், விசிறியின் பிசுக்குக் கிளட்ச். பிறகு இரண்டு மானிகள்: ஒன்று வெளியேறும் வாயுவின் வெப்பத்துக்கு, மற்றது சிலிண்டர் தலையின் உலோக வெப்பத்துக்கு. ஜீப்பில் ஏற்கனவே உள்ள மானி நீரில் மூழ்கிய உணரியை நம்பியிருக்கிறது; குழாய் வெடித்து நீர் முழுவதும் போய்விட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே அது குறைவாகக் காட்டும்.

அண்ணா: அப்படியானால் இன்டர்கூலர் எப்போது, மச்சான்?

அத்தான்: மானிகள் பூட்டி, பாரத்தோடு ஹபரணை வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வெப்பம் எங்கே நிற்கிறது என்று அறிந்த பிறகு. இன்டர்கூலர் வந்த பின்னர் மானியைப் பார்த்துக்கொண்டே பம்பைச் சிறிதளவு திருப்பலாம். புகை தெரிந்தால் அவ்விடத்தில் நிறுத்திவிடுவோம். பிரேக் மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்தப் பாதையில் இரவில் யானை குறுக்கே நிற்கும். இரண்டு தொன்னுக்கு அண்மித்த ஜீப்பைப் பழைய பிரேக் எண்ணெயோடு நிறுத்த வேண்டியிருக்கிறது.

பெரியப்பா: மகன், நாளைக்கு மூன்று பொருட்களை மட்டும் வாங்கு: திருத்திய பெல்ட் தொகுதி, குழாய்கள், இரண்டு மானிகள். ரயரை இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். பணத்தை இன்று இரவே அனுப்புகிறேன்.

தம்பி: சரி பெரியப்பா. அத்தான், காசு கொடுக்குமுன் பெட்டிகளின் படத்தை உங்களுக்கு அனுப்புகிறேன். கப்பியின் இலக்கத்தைப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே வாங்குவேன்.

அத்தான்: பத்து மணிக்குப் பிறகு அனுப்பு. அதற்கு முன்னர் ஒரு உழவு இயந்திரத்தின் கிளட்ச் வேலை இருக்கிறது.