நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிடார வித்துட்டு அஞ்சு ஸ்ட்ரிங்குக்கு மாறலாமா? நெல்லைப் பக்கம் வாசிக்கவங்க சொல்லுங்க

பாளை_பேஸ்

அண்ணாச்சிமாரே வணக்கம். எனக்கு பாளையங்கோட்டை. ஞாயித்துக்கிழம சர்ச் கொயர்ல பேஸ் வாசிக்கேன், அது போக கோயில் கொடை சீசன்ல ஒரு லைட் மியூசிக் குரூப்போட சுரண்டை, திசையன்விளைன்னு சுத்துவேன். கைல இருக்கது யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, நாலு ஸ்ட்ரிங், ஒரு குறையும் சொல்ல முடியாது, நெக்கு நேரா நிக்கி. இப்ப பிரச்சினை என்னன்னா எங்க குரூப்ல மெயினா பாடுத அண்ணன் முக்காவாசி பாட்ட ஒன்னரை கட்டை சுருதிலதான் எடுப்பாரு, கீபோர்டுக்காரன் சுருதி மாத்துத டிரான்ஸ்போஸ அமுக்கிட்டு இடது கையால கீழ இறங்கி பேஸ் அடிக்கான், நான் மேல நின்னுக்கிட்டு இருக்கேன், பாடுதவரு திரும்பிப் பாத்து "ஏல அடியே இல்லியேல"ன்னு கேக்காரு. இதுக்கு இடையில நாகர்கோவில்ல ஒருத்தர்ட்ட ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 205, அஞ்சு ஸ்ட்ரிங், 15,000 சொல்லுதாரு. என் யமஹாவ 10,000த்துக்கு தள்ளிட்டு மேல 5,000 போட்டா முடிஞ்சிரும். ஆனா என் கை சின்னது, வெரலு எட்டுமான்னு பயம். மாறலாமா, இல்ல நாலுலயே கெடக்கட்டுமா? பழைய பேஸ் வாங்கும்போது என்னெல்லாம் பாக்கணும்னும் சொல்லுங்க.

நாசரேத்_லோஎண்ட்

தம்பி, ஒன்னரை கட்டைன்னு சொன்ன ஒடனேயே பதில் வந்துட்டு. நாலு ஸ்ட்ரிங்குல ஆகக் கீழ இருக்கது ஈ, அதாவது மூணு கட்டை. நம்ம ஊரு ஆம்பளப் பாடகர்மாரு நிக்கது எங்க? ஒரு கட்டை, ஒன்னரை, ரெண்டு, ரெண்டரை. சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப். இந்த நாலு சுருதிக்கும் அடி ஸ்வரம் உன் ஈ ஸ்ட்ரிங்குக்குக் கீழ போயிருது, ஒண்ணு ஏ ஸ்ட்ரிங்குல மேல எடுக்கணும், இல்லன்னா கிடையாது. அஞ்சாவது பி ஸ்ட்ரிங்குல முத பிரெட்டு (நெக்குல குறுக்க பதிச்ச கம்பி) சி, ரெண்டாவது சி ஷார்ப், மூணாவது டி, நாலாவது டி ஷார்ப், வரிசையா கெடக்கு. வெளிநாட்டு ராக் பேண்டுக்காரன் ஈ-லயும் ஏ-லயும் பாட்டு போடுவான், கிடாரோட ஓப்பன் ஸ்ட்ரிங் (வெரலால அமுக்காம அடிக்கது) அதுலதான் இருக்கு, அவனுக்கு நாலு போதும். நம்ம கத வேற, நம்ம சுருதிய முடிவு பண்ணுதது பாடகர் தொண்ட.

இன்னொண்ணு, அஞ்சு ஸ்ட்ரிங்கோட சொகமே கீழ போறதுல மட்டும் இல்ல. அஞ்சாவது பிரெட்டுல கைய வச்சா பி ஸ்ட்ரிங்குலயே ஈ, எஃப், ஜி எல்லாம் வந்துரும், நட்டுப் பக்கம் (நெக்கு தலைல ஸ்ட்ரிங் உக்காருத பள்ளம் வெட்டுன துண்டு) ஓடிப் போக வேண்டாம். கீபோர்டுக்காரன் பாட்டு நடுவுல அரை கட்டை ஏத்துனான்னா நீ கை ஷேப்ப மாத்தாம ஒரு பிரெட்டு தள்ளுனாப் போதும், ஓப்பன் ஸ்ட்ரிங்க நம்பி வாசிக்கவன்தான் அந்த எடத்துல முழிப்பான். கொடைல அடுத்த பாட்டு என்ன சுருதின்னு மேடைலதான் தெரியும், அதுக்கு இதுதான் லாயக்கு. வாங்கிப் போடு.

ஜங்ஷன்_சவுண்ட்

அண்ணாச்சி சொன்னது வாசிக்கவன் பக்கத்துல நின்னு பாத்தா சரி. நான் மிக்சர் பக்கத்துல நிக்கவன், நான் சொல்லுதத கேளுங்க. ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ். ஓப்பன் பி 31 ஹெர்ட்ஸ். அண்ணாச்சி சொன்ன கீழ் சி ஏறக்குறைய 33. கொடைக்கு கொண்டு வார 15 இஞ்ச் பாக்ஸுல பெரும்பாலானது 45, 50க்குக் கீழ போனா பொத்துன்னு விழுந்துரும், 18 இஞ்ச் சப் (அடி சத்தத்துக்குன்னே உள்ள ஸ்பீக்கர்) இருந்தாலும் ஸ்பீக்கரக் காப்பாத்த 35, 40க்குக் கீழ நாங்களே வெட்டி வச்சிருப்போம். கூம்பு ஸ்பீக்கர் கட்டுன ஊர்ல பேஸப் பத்தி பேசவே வேண்டாம். அப்போ நீ பி ஸ்ட்ரிங்குல முத பிரெட்டு அழுத்தி உருகி உருகி வாசிச்சாலும் சனத்துக்கு கேக்கது அதோட ரெண்டாவது ஹார்மோனிக், அதாவது கூடவே வார ரெட்டிப்பு சத்தம், 65 ஹெர்ட்ஸ்தான், அந்த 65 உன் நாலு ஸ்ட்ரிங்குல ஏ ஸ்ட்ரிங் மூணாவது பிரெட்டுல சுத்தமா, கணீர்னு இருக்கு.

உண்மையான வில்லன் கீபோர்டுக்காரன் இடது கை. ரெண்டு பேரும் ஒரே எடத்துல கெடந்து உருண்டா சத்தம் களியாத்தான் போகும், நீ அஞ்சு வாங்கி இன்னும் கீழ போனா ரெண்டு பேரும் சேந்து கிண்டுவிய. மொதல்ல அவன்ட்ட பேசு, பேஸ் இருக்க பாட்டுல இடது கைய நடு சிக்குக் கிட்டக்க ஏத்தச் சொல்லு, இல்ல கீபோர்டு சேனல்ல நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ கொறைக்கச் சொல்லு. ஒத்த ரூவா செலவில்ல. "அடியே இல்ல"ன்னு பாடுதவரு சொல்லுதது பாதி இதுதான்.

நாசரேத்_லோஎண்ட்

சவுண்டு, நீரு சொல்லுதது திறந்தவெளிக்கு சரிவே. சர்ச்சுக்குள்ள? நாலு பக்கமும் செவரு, ஒரு நல்ல பேஸ் ஆம்ப்பு, அங்கன கீழ் டி-ய விட்டா பெஞ்சு அதிரும். பிரதிஷ்டை பண்டிகைக்கு கீர்த்தனை கடைசி சரணத்துல ஒருக்கா கீழ இறங்கிப் பாரும், கொயர் மொத்தமும் நிமிந்து பாக்கும். அப்பொறம் பாஸிங் நோட்டு, ஈ-ல இருந்து டி வழியா சி-க்கு எறங்கணும்னா நாலுல ஈ-யோட முட்டிட்டு ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேல தாவணும், லைன் ஒடைஞ்சு போகும். அது ஸ்பீக்கர் சமாச்சாரம் இல்ல.

ஜங்ஷன்_சவுண்ட்

சர்ச்சுக்குள்ளன்னா ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா தம்பிக்கு துட்டு வாரது கொடைலதான.

தென்காசி_ஃப்ரெட்

கை சின்னதுன்னு எழுதிருக்கீங்க, அதுக்கு மட்டும் நான் சொல்லுதேன், எனக்கும் கை சின்னதுதான், நான் அஞ்சுதான் வாசிக்கேன். பயப்பட வேண்டியது நீளத்துக்கு இல்ல, ரெண்டுலயும் ஸ்கேல் (நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் நீளம்) 34 இஞ்ச்தான், பிரெட்டுக்கும் பிரெட்டுக்கும் உள்ள தூரம் ஒண்ணுதான். மாறுதது அகலம். ஃபெண்டர் ஜாஸ் பேஸ் மாதிரி நாலு ஸ்ட்ரிங் நெக்குல நட்டு 38 மில்லிமீட்டர் இருக்கும், அஞ்சுல 45 பக்கம் வரும், அதனால கட்டைவெரல நெக்குக்கு மேல தொங்கப் போட்டு வாசிக்க பழக்கம் இருந்தா பி ஸ்ட்ரிங்குக்கு வெரலு மடங்காது, கட்டைவெரல் நெக்குக்குப் பின்னால நடுவுல வரணும். மணிக்கட்டு கொஞ்ச நாளு வலிக்கும், ஸ்ட்ராப்ப ஏத்திக் கட்டுங்க, சரியாப் போகும்.

பெரிய தொல்லை வலது கைதான், யாரும் இத சொல்ல மாட்டாங்க. நீங்க ஜி ஸ்ட்ரிங்குல வாசிக்கும்போது அந்த பி ஸ்ட்ரிங் தானா கூடவே முனங்கிக்கிட்டே கெடக்கும். நாலுல கட்டைவெரல பிக்கப் (ஸ்ட்ரிங்குக்கு அடில சத்தத்த புடிக்க காந்தப் பெட்டி) மேல வச்சுட்டு மறந்துரலாம், அஞ்சுல கட்டைவெரல் பி மேலயே படுத்துக் கெடக்கணும், மேல போகப் போக ஈ மேலயும் நகந்து வரணும். கண்ண மூடிட்டு ஈ-ன்னு நெனச்சு பி-ய அடிக்கதும் ஆரம்பத்துல எல்லாருக்கும் நடக்கும், அதனால மொத மாசம் மேடைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ஸ்லாப் (கட்டைவெரலால ஸ்ட்ரிங்க தட்டி) அடிக்க ஆளுன்னா இன்னொண்ணும் பாருங்க, பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் எடைவெளி நாலுல வழக்கமா 19 மில்லிமீட்டர், விலை கொறஞ்ச அஞ்சுல 16, 17ன்னு நெருக்கிருப்பாங்க.

அப்பொறம் விக்காமலேயே ரெண்டு வழி உண்டும். ஒண்ணு, ஹிப்ஷாட் மாதிரி டி டியூனர், ஈ ஸ்ட்ரிங் டியூனர் எடத்துல மாட்டி ஒரு லீவர தட்டுனா ஈ, டி-யா எறங்கும், ரெண்டு கட்டைப் பாட்டுக்கு ஓப்பன் ஸ்ட்ரிங்கே கெடைக்கும், ஒன்னரைக்கு ஒதவாது. ரெண்டாவது, அஞ்சு ஸ்ட்ரிங் செட்டு வாங்கி ஜி-ய தூரப் போட்டுட்டு பி, ஈ, ஏ, டி-ன்னு உங்க யமஹாலயே மாட்டுதது. 105 கேஜுக்கு (ஸ்ட்ரிங் தடிமன்) வெட்டுன நட்டு பள்ளத்துல 130 கேஜு ஏறாது, அராவித்தான் ஆகணும், அராவுன பொறவு பழையபடி மெல்லிசு ஸ்ட்ரிங் போட்டா சடசடன்னு ஆடும். மேல ஜி போச்சுன்னா ராஜா சார் பேஸ் லைன் வாசிக்க திண்டாடுவிய, அவரு பேஸ பாட வச்சவருல்லா, பாதி லைன் மேலதான் நடக்கும். அதனால இது எனக்கு அவ்வளவா பிடிக்கல, ஒரு பழைய உபரி பேஸ் கெடந்தா செய்யலாம்.

கொக்கிரகுளம்_வாசகன்

நான் வாசிக்கவன் இல்ல, கேக்கவன், சும்மா ஒரு தகவல். 1951ல ஃபெண்டர் கிடார் கம்பெனிக்காரரு லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கொண்டாந்தப்போ நாலு ஸ்ட்ரிங் வச்சதுக்கு காரணம் டபுள் பேஸுல அப்பிடி இருந்ததுதான். அவங்களே 1965ல பேஸ் ஃபைவ்னு அஞ்சு ஸ்ட்ரிங் விட்டாங்க, ஆனா சேத்தது கீழ பி இல்ல, மேல சி, அது போணியாகல. இன்னைக்கு நாம பேசுத கீழ் பி 70கள்லதான் தலை காட்டுச்சு, 80கள்ல சிந்தசைசர் பேஸ் வந்து கிடாரால எட்ட முடியாத அடிய காட்டவும்தான் எல்லாரும் அஞ்சத் தேடுனாங்க, மியூசிக் மேன் கம்பெனி ஸ்டிங்ரே ஃபைவ் விட்டது 1987. இந்தப் பக்கம் மோடவுன்ங்கிற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் ஒண்ண வச்சுக்கிட்டு வலது கைல ஒத்த வெரலால நெறைய பாட்டு வாசிச்சாரு. ஆக கீபோர்டுக்காரன் இடது கைக்கு பயந்துதான் அப்பயும் மாறிருக்காங்க.

பாளை_பேஸ்

கடைசி வரிய எங்க கீபோர்டுக்காரன்ட்ட காட்டணும். சவுண்டு அண்ணன் சொன்ன மாதிரி நேத்து பிராக்டீஸ்ல இடது கைய ஏத்தி வாசிக்கச் சொன்னேன், மூஞ்சிய தூக்கிக்கிட்டான், ஆனா வாசிச்சான், சத்தம் தெளிஞ்சது நெசம்தான். ஆனாலும் ரெண்டரை கட்டை கீர்த்தனைல கீழ எறங்க எடம் இல்லாம முட்டுதது அப்பிடியேதான் இருக்கு. அஞ்சு மேலதான் மனசு போகுது. பழசு வாங்கும்போது என்ன பாக்கணும்னு யாரும் சொல்லலியே?

பழசு_பாப்போம்

நான் சொல்லுதேன். மொதல்ல ராத்திரி போகாத, பகல்ல போ. பாடி பக்கமிருந்து நெக்க துப்பாக்கி குறி பாக்க மாதிரி ஒத்தக் கண்ணால பாரு, முறுக்கு இருந்தா ரெண்டு பக்க ஓரமும் ஒண்ணுக்கொண்ணு சமமா தெரியாது, முறுக்குன்னா அங்கனயே கும்பிட்டுட்டு வந்துரு, அத நிமித்துத துட்டுக்கு வேற வாங்கலாம். வளைவு மட்டும்னா பயமில்ல, நெக்குக்குள்ள இருக்க டிரஸ் ராடு கம்பி சரி பண்ணும், ஆனா ராடு திரும்புதான்னு விக்கவர விட்டே ஆலன் கீ போட்டு கால் திருப்பு திருப்பச் சொல்லு, இறுகிப் போயி நின்னா வேண்டாம். முத பிரெட்டயும் கடைசி பிரெட்டயும் ஒண்ணா அமுக்கி ஏழு, எட்டாவது பிரெட்டுகிட்ட ஒரு கனத்த தாளு போற அளவு சந்து இருக்கான்னு பாரு.

அஞ்சு ஸ்ட்ரிங்குல உயிரே பி ஸ்ட்ரிங்குதான். விலை கொறஞ்ச பேஸுல நாலும் நல்லா இருக்கும், பி மட்டும் சவசவன்னு ரப்பர் மாதிரி கெடக்கும். ஆம்ப்புல போட்டு பி ஓப்பன அடிச்சு எம்புட்டு நேரம் நிக்கின்னு கேளு, பொறவு பி-ல அஞ்சாவது பிரெட்டு ஈ-யயும் ஓப்பன் ஈ-யயும் மாத்தி மாத்தி அடி, ஒரே ஆளு பேசுத மாதிரி இருக்கணும். பழைய ஸ்ட்ரிங்கா இருந்து செத்துப் போயிருந்தா பேஸ குத்தம் சொல்ல முடியாது, அதனால துட்டு போனாலும் பரவால்லன்னு புது செட்டு ஒண்ணு கைல கொண்டு போ, வாங்குனா எப்பிடியும் மாட்டத்தான போற. 12வது பிரெட்டுல லேசா தொட்டு அடிக்க ஹார்மோனிக்கும் அமுக்கி அடிச்சதும் ஒண்ணா இருக்கான்னு டியூனர்ல பாரு, பி சேடில் (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்காருத துண்டு) ஏற்கனவே கடைசிக்குப் போயி முட்டிக்கிட்டு நின்னா மேல திருத்த எடமில்ல. ஜி ஸ்ட்ரிங்குல அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் ஏதாவது ஒரு நோட்டு சட்டுன்னு செத்துப் போகும், அது நெறைய பேஸுல உள்ளதுதான், ரொம்ப மோசமா இருந்தா மட்டும் விலைய கொற.

நாகர்கோவில்னா கடக்காத்து, பிரிட்ஜ் ஸ்க்ரூ, டியூனர் அடி, ஜாக் எல்லாம் துருவ பாரு, துரு பிடிச்ச சேடில் ஸ்க்ரூ திருப்பும்போதுதான் ஒடையும். வால்யூம், டோன் குமிழ திருப்புனா கரகரன்னா அது சின்ன வேல, கிளீனர் ஸ்ப்ரே போதும். ஸ்ட்ராப் போட்டு நின்னுக்கிட்டு ரெண்டு கையயும் விடு, தலை பொத்துன்னு கீழ விழுதான்னு பாரு, டியூனர் ஒண்ணு கூடுதலா இருக்கதால சிலதுல விழும்.

விக்கதுக்கும் ஒரு வார்த்த. 10,000 எதிர்பாக்கன்னா விளம்பரத்துல அதுக்கு கொஞ்சம் மேல போடு, கேக்கவன் கண்டிப்பா கொறப்பான். கீறல் இருந்தா நீயே கிட்டக்க போட்டோ எடுத்துப் போட்டுரு, வந்து பாத்து மொகம் சுளிக்க வேண்டாம். "ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, க்யூஆர் அனுப்புதேன் ஸ்கேன் பண்ணுங்க துட்டு வரும்"னு ஒருத்தன் கண்டிப்பா வருவான், துட்டு வாங்குததுக்கு பின் நம்பர் போடணும்னு எந்த ஆப்பும் கேக்காது, அவன பிளாக் பண்ணிரு.

நாசரேத்_லோஎண்ட்

நல்லா சொன்னிய. ஒண்ணு சேத்துக்கிடுதேன், தம்பி நாலு ஸ்ட்ரிங்க ஒடனே விக்காத. அஞ்சு கைக்குப் பழகுத வரைக்கும் கொடைக்கு யமஹாவ கொண்டு போ, சர்ச்சுல அஞ்ச வாசி. சீசன் முடிஞ்சு எது கைல ஒட்டுதோ அத வச்சுக்கோ. அஞ்சு செட்டு ஸ்ட்ரிங் விலை கூட, நம்ம கடைல எப்பமும் இருக்காது, சென்னைக்குப் போறவன்ட்ட அண்ணா சாலை மியூசி மியூசிக்கல்ல சொல்லி வாங்கிக்கிடலாம், இல்லன்னா ஆன்லைன்.

பாளை_பேஸ்

சரி அண்ணாச்சி, வார சனிக்கிழம நாகர்கோவில் போறேன். 5,000தான் கைல இருக்கு, மிச்சத்துக்கு யமஹாவ விக்காம என்ன செய்யதுன்னுதான் பாக்கேன், கொயர் மாஸ்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கணும், ரெண்டு கச்சேரி பாக்கியும் வர வேண்டியிருக்கு. பேஸ் விக்கவருட்ட ஆம்ப்பு இல்லியாம், நான் சின்னது ஒண்ணு பஸ்ஸுல தூக்கிட்டு போகணும்.

தென்காசி_ஃப்ரெட்

8 இஞ்ச் ஆம்ப்புல பி ஸ்ட்ரிங் எந்த பேஸுலயும் நல்லா கேக்காது, அத வச்சு முடிவு பண்ணாதீங்க, நல்ல ஹெட்போன் கொண்டு போயி ஆம்ப்புல சொருகிக் கேளுங்க. ஜிஎஸ்ஆர் 205ல பேட்டரில ஓடுத ஆக்டிவ் சர்க்யூட், ஒரு 9 வோல்ட் பேட்டரியும் வாங்கிட்டுப் போங்க. பேட்டரி தீந்து போன பேஸ் செத்துப் போன மாதிரிதான் கேக்கும்.

பழசு_பாப்போம்

பேட்டரி போட்ட பொறவு நல்லா கேட்டாலும் அத அவரு முன்னால சொல்லிராத. விலைய பேசி முடிச்சுட்டு சொல்லு.