மரக்கட்டைக்குள் ஒடுங்கிவிட்ட ராஃபேல் கெளுத்தி: ஆலோசனை வேண்டும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நான்கடி நீளமும் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளளவும் கொண்ட என் வீட்டுத் தொட்டியில், மூன்று ஆண்டுகளாக வரி ராஃபேல் கெளுத்தி ஒன்றை வளர்த்து வருகிறேன். அமேசான், ஓரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த இந்த மீன் இரவில்தான் இரை தேடும் என்பதையும், பகலில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடப்பது அதன் இயல்பு என்பதையும் அறிவேன். ஆகவே அது கண்ணில் படாததற்காக நான் கவலைப்பட்டதில்லை.

ஆனால் சென்ற மாதம் மணலை மாற்றி, மரக்கட்டையையும் இடம் மாற்றி வைத்த பிறகு, விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்துப் போடும் தீவனம் காலையில் அப்படியே கிடக்கிறது. முன்பெல்லாம் ஒரு குருணைகூட மிஞ்சாது. கட்டையின் துளைக்குள் டார்ச் அடித்தால் வெள்ளை வரி தெரிகிறது, செவுள் அசைகிறது. வயிறு ஒட்டியிருக்கிறதா என்று காண முடியவில்லை. தண்ணீரைச் சோதித்ததில், மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை, நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ்.

கட்டையை முன்பிருந்த இடத்திலேயே வைத்துக் காத்திருக்கலாமா, கட்டையோடு சேர்த்து மீனை வெளியே எடுத்துப் பார்க்கலாமா? வலையைப் பயன்படுத்த எனக்கு மனமில்லை. மார்புத் துடுப்பின் முள்ளும் பக்கவாட்டு முட்களும் வலைக்கண்ணில் சிக்கினால் மீனுக்குத்தான் காயம். வாங்கி வந்த அன்று பையிலிருந்து எடுத்தபோது அது எழுப்பிய உறுமலை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த அச்சத்தை மீண்டும் தர விரும்பவில்லை. நத்தையோ மண்புழுவோ கொடுத்து இத்தகைய மீனை மறுபடி உண்ண வைத்தவர்கள், எத்தனை நாளில் பலன் கிடைத்தது என்பதையும் சேர்த்துத் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.