பாஸ்பரஸ் சோதனையில் வரும் சுப்பாராவ்: கருத்தரங்குக்கு இவரை எடுக்கலாமா?

நீலக்குழாய்:
எல்லோருக்கும் வணக்கம். மருத்துவ உயிர்வேதியியல் முதுகலை முதலாண்டு மாணவி நான். ஒரு விஞ்ஞானியின் ஆய்வு வாழ்க்கையையும் அவருடைய கட்டுரைகளையும் பற்றி 15 நிமிடம் பேச வேண்டும். செய்முறை நோட்டில் சீரம் பாஸ்பரஸ் சோதனைக்கு மேலே 'ஃபிஸ்கே – சுப்பாராவ் முறை' என்று எழுதியபோதே இவரைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டேன். ஆனால் கட்டுரைகளைத் தேடினால் 1925 முதல் 1929 வரை சில கிடைக்கின்றன. பிறகு அவர் பெயர் அபூர்வமாகவே வருகிறது. "வெளியீடே குறைவு, வேறு ஆளைப் பார்" என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கட்டுரைகளைப் படிக்கவேண்டும்? 1940க்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

கரையோரன்:
தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரி. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருளை உலகில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்தான். வெள்ளைக்காரர்கள் மறைத்துவிட்டார்கள். படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். 1995இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. இதையெல்லாம் சொன்னாலே 15 நிமிடம் போய்விடும்.

பழைய கலரிமீட்டர்:
மகளே, அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஆட்டோ அனலைசர் வருவதற்கு முன்பு ஃபிஸ்கே – சுப்பாராவ் முறையில் (பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் வரும்) எத்தனை ஆயிரம் குழாய்களில் நீலம் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில், பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஃபிஸ்கேயும் சுப்பாராவும் எழுதிய 1925ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படி. ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி, 66ஆம் தொகுதி, 375ஆம் பக்கம். இதழின் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். வேலை செய்கிறவர்களுக்காக எழுதப்பட்ட கட்டுரை அது. அதற்கு முன்பு பெல், டாய்சி இருவரின் முறையும், அதைப் பிரிக்ஸ் திருத்திய முறையும் இருந்தன. அவற்றில் நிறத்தை வரவழைக்க ஹைட்ரோகுவினோன் சேர்ப்பார்கள். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அதை விட்டு அமினோநாப்தால் சல்போனிக் அமிலத்துக்கு வந்தார்கள். நிறம் சீக்கிரம் வந்தது. சிறுநீரிலும் ரத்தத்திலும் உள்ள மற்றப் பொருள்கள் குறுக்கே வருவதும் குறைந்தது. உன் நோட்டில் இருக்கும் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம், அம்மோனியம் மாலிப்டேட், கடைசியில் வரும் நீலம் எல்லாம் அந்தக் கட்டுரையில் இருப்பவைதான்.

அந்த முறை எவ்வளவு கூர்மையானது என்பது எனக்கு ஒருநாள் பட்டுத்தான் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை, மாதிரியே சேர்க்காத பிளாங்க் குழாயே நீலமாக நின்றது. ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த பாஸ்பேட் கரைசலை) மாற்றினேன், மாலிப்டேட்டைப் புதிதாகக் கலக்கினேன், நீலம் போகவில்லை. மத்தியானம்தான் தெரிந்தது, முதல்நாள் குழாய்களைப் புது சலவைத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். தூளில் பாஸ்பேட். கழுவிய பிறகும் குழாயில் ஒட்டியிருந்த மிச்சத்தையும் அது காட்டிக்கொடுத்துவிட்டது. அன்று அனுப்ப இருந்த 14 ரிப்போர்ட்டுகளையும் நிறுத்தி மறுபடி செய்தோம்.

இப்போது நீ முக்கியமாகப் பேசவேண்டிய இடத்துக்கு வருகிறேன். தசையிலிருந்து எடுத்த வடிநீரில் அவர்கள் இதே சோதனையைச் செய்தபோது நீலம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. மெல்ல மெல்ல ஏறியது. நம்மில் பலர் என்ன செய்வோம்? ரியேஜென்ட் (சோதனைக் கரைசல்) பழசு என்று கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அந்தத் தாமதத்தையே அளந்தார்கள். அமிலத்தில் மாலிப்டேட்டோடு நிற்கும்போது சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பேட்டை விடுகிற ஏதோ ஒன்று தசையில் இருக்கிறது என்று கண்டார்கள். அதுதான் தசைக்கு உடனடி ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டின். 1927இல் சயன்ஸ் இதழில் சிறு குறிப்பாக வந்தது. தசையைத் தூண்டினால் குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மீள்கிறது என்பதையும் காட்டினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அதையே வேறு வழியில் எட்டி 'பாஸ்பஜன்' என்று பெயர் வைத்தார்கள். ஹார்வர்டுக்காரர்கள் இருவரும் 1929இல் ஏறத்தாழ ஐம்பது பக்கங்களில் முழுக் கட்டுரை எழுதினார்கள். அதையும் படி. முழுவதும் புரியாவிட்டாலும் அட்டவணைகளைப் பார். எத்தனை முறை திரும்பச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கரையோரன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏ.டி.பி. விஷயத்தில் 'முதன்முதலில்' என்று மேடையில் சொல்லாதே, மகளே. ஜெர்மனியில் கார்ல் லோமனும் பாஸ்டனில் இவர்களும் 1929இல் தனித்தனியே கண்டார்கள்; லோமனின் கட்டுரை முந்தி வெளிவந்தது. இருவருக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் சுப்பாராவின் பெருமை ஓர் அரிசி அளவும் குறையாது. பொய்யாக ஒரு கிரீடம் வைத்தால், கேட்பவர்களில் விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து கேட்கும்போது உண்மையான சாதனைகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

அவர் வந்த வழியையும் ஒரு நிமிடம் சொல். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார். மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்கு ஆகாமல் போனது, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிட மதிப்புக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு 1923இல் பாஸ்டன் போனார். அங்கே வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். முனைவர் பட்டம் 1930இல். ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவே இல்லை.

நீலக்குழாய்:
அம்மா, மிக்க நன்றி. இரண்டு கட்டுரைகளையும் எடுத்துவிட்டேன். நிறம் தாமதமாக வந்த கதையைச் சொன்னதும் வழிகாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் "1940க்குப் பிறகு?" என்று கேட்கிறார். அந்தப் பகுதிக்கு என்ன காட்டுவது?

மாத்திரைக்கடை மணி:
நான் மருந்தாளுநர். மூட்டுவாதத்துக்கு வருகிற சீட்டு தினமும் ஐந்தாறு என் கைக்கு வரும். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள். கூடவே ஃபோலிக் அமிலம். அந்தச் சீட்டின் படத்தையே போட்டுக் காட்டலாம் (நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு). இரண்டுமே சுப்பாராவ் பிறகு சேர்ந்த லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து வந்த வேலை. இதைப் படித்த பிறகு அந்த இரண்டு அட்டைகளையும் ஒரே உறையில் போடும்போது எனக்கு அவர் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

பழைய கலரிமீட்டர்:
மணி சரியாகப் பிடித்துவிட்டார். 1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லிக்குப் போனார் சுப்பாராவ். விரைவில் ஆராய்ச்சி இயக்குநரானார். ஃபோலிக் அமிலத்தின் தொகுப்பை அறிவித்த 1945, 1946ஆம் ஆண்டுச் சயன்ஸ் கட்டுரைகளில் பெரிய ஆசிரியர் பட்டியலின் நடுவே அவர் பெயர் இருக்கிறது. அவருடைய அண்ணன் ஸ்புரூ நோயில் (ஃபோலிக் அமிலத்துக்குக் கட்டுப்படுகிற குடல்நோய்) இறந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்.

ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தின் வேதியியலை எழுதியவர்கள் சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட். அதைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்துப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பரின் குழு 1948 ஜூனில் எழுதியது: 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிக முன்னேற்றம். அதுவரை அந்த நோய்க்குப் பலன் தரும் மருந்து என்று எதுவுமே இல்லை. இந்த இரண்டு கட்டுரைகளிலும் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அவருடைய ஆய்வகத்தில் பிறந்தது. அதை அங்கே வேலை பார்த்த பெஞ்சமின் டகர் பெயரில் உலகம் அறிந்தது, அதுவே முறையும். வேலை செய்தவர் பெயரில் வேலை வெளிவர விட்டவர் அவர். அந்த 1948 ஆகஸ்டிலேயே, 53 வயதில் இறந்துபோனார்.

கரையோரன்:
அம்மா, திருத்தியதற்கு நன்றி, கோபம் இல்லை. என் ஊர்ப்பக்கம் யானைக்கால் நோய்க்கு வீடுவீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். சுகாதாரப் பணியாளர் கண்முன்னே விழுங்கச் சொல்வார். என் பாட்டிக்குக் கால் வீங்கியிருந்தது, எனக்கு இல்லை. அந்த மருந்தும் இவருடைய குழுவினுடையதா?

பழைய கலரிமீட்டர்:
ஆமாம் தம்பி. ஹெட்ரசான் என்ற பெயரில் 1947இல் வெளிவந்தது அதுதான். ஹியூவிட், குஷ்னர் முதலியோரோடு சுப்பாராவின் பெயரும் அந்தக் கட்டுரையில் உண்டு. உன் பாட்டியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீலக்குழாய்:
தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது! அடுத்த வியாழன் பேசுகிறேன். ஒரு பிளாங்க், ஒரு ஸ்டாண்டர்ட் இரண்டையும் வகுப்பிலேயே செய்து காட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். கவனிக்கவேண்டியது ஏதாவது உண்டா?

பழைய கலரிமீட்டர்:
மாலிப்டேட் கந்தக அமிலத்தில் இருக்கும், கையுறை போட்டுக்கொள், ஸ்டாண்டை மேசை ஓரத்தில் வைக்காதே. சல்போனிக் அமில ரியேஜென்டைப் புதிதாகக் கலக்கிப் பழுப்புப் பாட்டிலில் எடுத்துப்போ. குழாய்களை முதல்நாளே காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசிக் கவிழ்த்து வை. சலவைத்தூள் பக்கம் போகாதே. பேச்சைத் தொடங்குவதற்கு முன் ரியேஜென்டைச் சேர்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசு. நீ 1927க்கு வரும்போது ஸ்டாண்டர்ட் குழாயில் நீலம் நன்றாக ஏறியிருக்கும்.