பாட்டி வீட்டு கேஸ் அடுப்பு (மலேசியா, தோட்டத்துச் சொந்தங்கள் குழு உரையாடல்)

ஞாயிறு, காலை

சாந்தி அக்கா: பாட்டிய பார்த்துட்டு இப்பதான் சுங்கை சிப்புட் திரும்புறேன். மனசே கேக்கல. தீபாவளிக்கு கோயில்ல குடுத்த கேஸ் அடுப்பு துணி போட்டு மூடிக் கிடக்கு, அது மேல அரிசி டின். பின்னாடி தகரக் கொட்டாய்ல ரப்பர் மரக் கட்டைய வச்சு சோறு பொங்குறாங்க.

மணியம் மாமா: ஏம்மா, அடுப்பு கெட்டுப்போச்சா?

சாந்தி அக்கா: அடுப்பு புத்தம் புதுசா இருக்கு மாமா. தோங் (கேஸ் சிலிண்டர்) ஜனவரியிலயே முடிஞ்சிருச்சு. "ஒத்த ஆளுக்கு எதுக்கு கேஸு, கட்டைதான் சும்மா கெடக்கே"ங்கிறாங்க. இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலு தடவ இருமல். ஊதாங்குழல எடுத்தா கண்ணுல தண்ணியா ஊத்துது.

ரவி: நாமளும் லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) அந்தப் புகையிலதான வளர்ந்தோம்.

கவிதா: அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க. சின்னப் பாட்டி பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்ல. கடைசி மூணு வருஷம் மூச்சுக்கு மெஷின் வச்சுக்கிட்டு உக்காந்தபடியே தூங்குனாங்க. நான் கிளினிக்ல தினமும் பாக்குறேன். விறகுப் புகை நுரையீரலோட நிக்காது, மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும். வீட்டுக்குள்ள வர்ற இந்த மாதிரி புகையால 2020-ல மட்டும் 3.2 மில்லியன் பேர் செத்திருக்காங்கன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது.

ரவி: சரிம்மா. யோசிக்காம பேசிட்டேன்.

மணியம் மாமா: சமூகநல இலாகாவுல மாசம் 600 வெள்ளி (ரிங்கிட்) வருதே, அதுல ஒரு தோங் வாங்கக் கூடாதா?

சாந்தி அக்கா: அதுலதான் லைட்டு பில், தண்ணி பில், மருந்து எல்லாம். 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசுதான். ஆனா லயத்து மண்ரோட்டுல கடை லாரி உள்ள வராது. மோட்டர் சைக்கிள்ல ஏத்திக் கொண்டாந்து குடுத்தா 35 ஆகுது. இரும்போட சேர்த்து 28 கிலோ கிட்ட கனம். 74 வயசுல யாரு தூக்குறது?

சுந்தர் (கோலாலம்பூர்): இந்தியாவுலயும் இதே கதைதான் அக்கா. 2016 மே மாசம் உஜ்வலா திட்டம் ஆரம்பிச்சு, ஏழை வீட்டுப் பொம்பளைங்க பேர்ல கேஸ் இணைப்பு குடுத்தாங்க. 2019 செப்டம்பருக்குள்ள 8 கோடி வீடு. ஆனா 2019-20-ல ஒரு வீட்டுக்கு வருஷத்துக்குச் சராசரி 3 சிலிண்டர்தான் போச்சு. மத்த நாளெல்லாம் விறகும் வரட்டியும். அப்புறம் இவங்களுக்குன்னு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மானியம் குடுத்தாங்க. 2022-ல 200 ரூபா, 2023 அக்டோபர்ல 300 ரூபா.

கவிதா: பக்கத்து செம்பனைத் தோட்டத்துல இந்தோனேசியாக்காரங்க இருக்காங்கல்ல, அவங்க ஊர்ல 2007-ல மண்ணெண்ணெய விட்டுட்டு கேஸுக்கு மாத்துனப்போ, அடுப்போட 3 கிலோ பச்சைத் தோங்கும் இலவசமா குடுத்தாங்களாம். ஒரு கையில தூக்கிட்டுப் போயிரலாம். நம்ம பாட்டிக்கு அது மாதிரி கெடச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

மணியம் மாமா: போன தீபாவளிக்கு 12 வீட்டுக்கு அடுப்பு குடுத்தோம். போட்டோ எடுத்தோம். முதல் தோங் முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு கோயில் நிர்வாகத்துல ஒருத்தரும் போய்ப் பாக்கல, நானும் போகல.

சாந்தி அக்கா: எதிர் வரிசையில ரெண்டு வீட்டுல பாத்தேன் மாமா, அங்கயும் இதே நிலைமைதான்.

மணியம் மாமா: இந்த வருஷம் புது அடுப்பு வேணாம்னு கூட்டத்துல பேசுறேன். அந்தக் காசுல அந்த 12 வீட்டுக்கும் தோங் நிரப்பணும்.

சாந்தி அக்கா: கூட்டம் எப்பவோ, பாட்டிக்கு இன்னிக்கே வேணும். ஒத்த ஆளுக்கு ஒரு தோங் மூணு மாசம் வரும். வருஷத்துக்கு நாலு, 140 வெள்ளி. நாம எட்டு வீடு. தலைக்கு 17 வெள்ளி 50 காசு. காச பாட்டி கையில குடுத்தா வாங்க மாட்டாங்க, கடையில நேரா கட்டிருவோம்.

சுந்தர் (கோலாலம்பூர்): என் பங்கு இப்பவே அனுப்புறேன்.

ரவி: தோங்க நான் மோட்டர்ல கொண்டுபோய் வச்சிர்றேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா என் பொறுப்பு.

சாந்தி அக்கா: ரவி, ரப்பர் குழாய எலி கடிச்சிருக்கு. மாட்டுற பக்கம் வெள்ளையா தெரியுது. பழசுலயே மாட்டிறாத.

கவிதா: ஐயோ, ஆமா அண்ணே. மாட்டினதும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வந்தா கேஸ் கசியுதுன்னு அர்த்தம்.

ரவி: புதுக் குழாய், கிளிப்பு ரெண்டும் வாங்கிட்டேன். அஞ்சு மணிக்கு அங்க இருப்பேன். பாட்டிகிட்ட சொல்லுங்க அக்கா, ராத்திரிக்கு கட்டை அடுப்புல உலை வைக்க வேணாம்னு.