சாடித் தோடையும் கேத்தில் சுண்ணாம்பும்

கிளிநொச்சியிலிருந்து:

போன சித்திரையில் ஒட்டுத் தோடங்கன்று ஒன்று வாங்கி வந்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. நிலத்தில் வைத்தால் அயல் ஆடுகள் விடாது. அதனால் 20 லீற்றர் பெயின்ற் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து கிணற்றடியில் வைத்தேன். காலையும் பின்னேரமும் கிணற்றுத் தண்ணீர்.

ஆடியில் சோளகம் அடிக்கிற நேரம் புதுத்துளிர் எல்லாம் மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சை, இடையில் வெளிறிப்போய், இலையில் மீன்முள்ளு வரைந்தது மாதிரி. கீழே இருந்த பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது கிழட்டு இலைதான். நானோ பசி என்று நினைத்து ஒரு பிடி யூரியா போட்டேன். வாளிக் கன்றுக்கு ஒரு பிடி! ஒரு கிழமையில் இலை நுனிகள் கருகி, பாதி இலை கொட்டிப்போச்சு.

மாமிதான் பிடித்தா. கிணற்றடியில் கேத்தில் கழுவிக்கொண்டிருந்தவ, வாளி விளிம்பில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கேத்திலுக்குள்ள இருக்கிறதுதான் இங்கயும் இருக்கு" என்றா.

எங்கள் கிணறு சுண்ணாம்புத் தண்ணீர். நாளாக நாளாக வாளி மண் காரமாகிவிட்டது. அப்படியான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அது முதலில் இளம் இலையில்தான் தெரியும். நிலத்தில் நின்றால் மாரி மழை கழுவிக்கொண்டு போகும், வேரும் தள்ளிப் போய்த் தேடும். வாளிக்குள் நிற்கிறது எங்கே போகும்?

ஐப்பசியில் மழை தொடங்கியதும் இறவாரத்தில் பரல் வைத்துப் பிடித்து, அடி ஓட்டையால் ஓடும் வரை மழைநீரை ஊற்றினேன். கார்த்திகைத் துளிர் பச்சையாக வந்தது. மஞ்சளாய்ப் போன பழைய இலைகள் கடைசிவரை திரும்பவில்லை. இப்போது விரலை இரண்டு கணுவுக்கு மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும்தான் தண்ணீர். பரல் தண்ணீரில் மனிசி கால் கழுவினாலும் சண்டைதான்.

வவுனியாவிலிருந்து:

அண்ணை, எனக்குத் தண்ணீரால் பிரச்சினை வரவில்லை, புழுவால் வந்தது. இலையில் குருவி எச்சம் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் விட்டேன். மூன்றாம் நாள் எச்சம் நடந்தது! கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று சுற்றித் திரிந்ததே, அதன் பிள்ளைகள். சின்னதில் எச்சம் மாதிரி, வளர்ந்தால் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சளாய் இரண்டு கொம்பை நீட்டும், ஒரு மணமும் வரும். சின்னக் கன்றை மொட்டையாக்க நாலைந்து புழு போதும். எனக்கு மருந்தடிக்க மனமில்லை. இலையோடு கிள்ளி, பின்வளவில் நிற்கும் பெரிய தேசியில் விட்டேன். அது தாங்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

என்னுடையது அயலில் எல்லாருடையதையும் விட வேகமாக வளர்கிறது என்று பெருமையடித்துத் திரிந்தேன். பார்த்தால், வளர்ந்தது ஒட்டுக்குக் கீழே கிளம்பிய முளை. ஒரே முள்ளு, இலையும் வேறு. மேலே தோடை வாடிப்போய் நிற்கிறது. ஒட்டுக்குக் கீழே எது வந்தாலும் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். அப்புறம் பழம் காய்த்தால் செம்மஞ்சளாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவில் குளிர் இல்லாத எங்கள் பக்கத்தில் தோடம்பழம் பச்சைத் தோலோடுதான் பழுக்கும். நான் காத்திருந்து அணிலுக்குக் கொடுத்தேன்.

கிளிநொச்சியிலிருந்து மறுபடி:

தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு இரவோடிரவாக ரோச் லைற்றுடன் போய்ப் பார்த்தேன். மூன்று எச்சம். அதில் ஒன்றுதான் எச்சம்.