பள்ளியில் முதலுதவிப் பயிற்சி: நிதி எங்கே கேட்கலாம்?

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். போன ஐப்பசியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய்க்காலில் மூழ்கிவிட்டான். கரையில் போட்டு ஆளாளுக்கு வயிற்றை அமுக்கினார்கள். வாயில் ஊதி, நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குக் கை பழகாது, பயிற்சிப் பொம்மை வேண்டும். சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) மானியமோ, எம்.எல்.ஏ. தொகுதி நிதியோ, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமோ, எதிலாவது இதற்குப் பணம் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? மனு நகல் இருந்தால் அனுப்புங்கள். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் ஆரம்பித்துவிட ஆசை.